வேண்டுதல் என்றால் கேள்வி கிடையாது

எங்கள் வீட்டில் காசு வெளியே போவதென்றால் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். பெருமைக்குச் சொல்லவில்லை. கிள்ளானில் ஸ்கூல் வேன் ஓட்டும் ஒருத்தியும் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டும் ஒருவரும் சேர்ந்து வீட்டுக்கடன் கட்டி, ஒரு மகனைப் படிக்கவைத்து, இன்றுவரை யாரிடமும் கை நீட்டாமல் இருப்பதென்றால் வாசலில் யாராவது ஒருவர் காவல் நிற்கத்தான் வேண்டும். நான் நின்றேன். என்ன வாங்கவேண்டும் என்று யார் வந்தாலும் நான் கேட்பது ஒரே கேள்விதான்: "அது இல்லாம இருக்க முடியாதா?"

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. ஆசையை ஆசை என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. தேவை என்று வேஷம் கட்டித்தான் கூட்டிவருவார்கள். மகன் புதுக் கைப்பேசி கேட்டபோது "வேலைக்கு மா" என்றான். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை அவனுக்கு. பெட்டி எண்ணுவதற்கு எதற்கடா மூன்று கேமரா என்று கேட்டேன். பிறகொரு நாள் எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் மெஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் இருக்கு மா, அவருக்காகத்தான்" என்றான். அப்பா அதில் ஒரு வாழைக்காய்கூடப் பொரித்துச் சாப்பிட்டதில்லை. மகன்தான் வார இறுதியில் வீட்டுக்கு வந்து கோழித் தொடையைப் போட்டு எடுக்கிறான்.

என் கணவர் மட்டும் எதுவும் கேட்கமாட்டார். சட்டை நான் வாங்கியது, செருப்பு நான் வாங்கியது, கைக்கடிகாரம் அவருடைய தங்கை பரிசாகக் கொடுத்தது. தீபாவளிக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், "இருக்கிறதே போதும்லா" என்பார். அக்கம்பக்கத்துப் பெண்கள், "உங்களுக்குத் தங்கமான மனுஷன் அக்கா" என்று சொல்லும்போதெல்லாம் நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே யோசிப்பேன். ஒன்றுமே வேண்டாம் என்று ஒரு மனிதன் எப்படி இருக்க முடியும்? எங்கேயோ, எதையோ ஒளித்து வைத்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். இந்தக் குணம் எனக்குப் பிறவியிலேயே வந்தது, என்ன செய்வது.

என் கேள்வி செல்லுபடியாகாத செலவு ஒன்று உண்டு. அது வேண்டுதல். சாமியிடம் ஒன்றைக் கேட்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டால் அது கடவுளுக்குப் பட்ட கடன். பட்ட கடனைத் தேவையா ஆசையா என்று யாரும் கேட்க முடியாது. அதைவிட மோசம், காணிக்கையைக் கொண்டுபோய்ச் செலுத்தும்வரை எதற்காக வேண்டினோம் என்று வெளியே சொல்லவும் கூடாது. சொன்னால் பலிக்காது என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. காரணம் கேட்கவும் கூடாது, வேண்டாம் என்று தடுக்கவும் கூடாது. என்னைப் போன்ற ஆளுக்கு இப்படி ஒரு செலவு இருப்பது எவ்வளவு எரிச்சல் என்று யோசித்துப் பாருங்கள்.

எதிர் வீட்டு அக்கா போன வருடம் இப்படித்தான் வேண்டுதல் என்று இந்தியாவுக்குப் போனார். திரும்பி வந்தபோது நெற்றியில் ஒரு கீற்று விபூதியும் கையில் பிதுங்கும் பெட்டிகளும் இருந்தன. அத்தனையும் புடவை. சாமி தரிசனம் எப்படி என்று கேட்டேன். "கூட்டம்லா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, காஞ்சிபுரம் பட்டின் பார்டரை எனக்கு மதியம் முழுக்கக் காட்டினார்.

இப்போது என் வேன் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் பள்ளி திறந்ததிலிருந்தே அதன் கியர்பாக்ஸ் சரியில்லை. மூன்றாவது கியர் போட்டால் ஒரு ஊளை. சில நேரம் தானாகவே கழன்றுகொள்ளும். வேன் நின்றுவிட்டால் பெற்றோர்கள் ஒரு வாரம்தான் பொறுப்பார்கள், அடுத்த வாரம் வேறு வேனுக்குப் போய்விடுவார்கள். போன பிள்ளைகள் திரும்பி வரமாட்டார்கள். வேன் ஓட்டும் பெண்கள் நாங்கள் சேர்ந்து ஒரு கூட்டு வைத்திருக்கிறோம். மாதாமாதம் எல்லாரும் போட, முறை வைத்து ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்வது. அடுத்த மாதம் என் முறை. அந்தப் பணம் கியர்பாக்ஸுக்கு என்று எப்போதோ முடிவாகிவிட்டது.

வேன் பார்க்கும் போமன், அதாவது மெக்கானிக், என்னிடம் வேறு மாதிரி சொன்னார். "அக்கா, பழசு ஒண்ணு நல்ல கண்டிஷன்ல இருக்கு. அதப் போட்டுக்குங்க. உங்க ஓட்டத்துக்கு அது போதும்லா. புதுசு மாதிரி செஞ்சது வேணும்னா காசு டபுள்." எனக்கு உடனே மூக்கில் வியர்த்தது. ஒரு போமன் குறைந்த விலையைச் சொல்கிறார் என்றால் அந்தப் பழசை எங்கிருந்து எடுத்தார், ஏன் தள்ளிவிடப் பார்க்கிறார்? "வேணாம், நல்லதாவே போடுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போனார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிக்கொண்டிருந்தோம். நான் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறேன், கணவர் தட்டைப் பார்த்தபடி பேசினார்.

"நான் பழனிக்குப் போகணும்."

"யாரு?"

"நான்தான்."

தோசையைத் திருப்பிப் போட்டேன். கோயிலுக்குக் கூப்பிட்டால் கார் நிறுத்துமிடத்திலேயே நின்றுகொண்டு, "நீ போய்ட்டு வா, நான் வண்டியப் பாத்துக்கிறேன்" என்று சொல்கிற ஆள் இவர். "எதுக்கு?" என்றேன்.

"வேண்டிக்கிட்டேன்."

"முருகன் பத்துமலையிலயே நிக்கிறாரே. கமுட்டர் ரயில் ஏறினா போயிடலாம். பழனிக்கு எதுக்கு ப்ளேன் ஏறணும்?"

"வேண்டினது பழனிக்கு."

"எப்ப வேண்டினீங்க?"

"போன மாசம்."

"எதுக்காக?"

அவர் தலையை நிமிர்த்தினார். "சொல்லக்கூடாதுல. உனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, "உன் கூட்டுக் காசுல பாதி போதும்" என்றார்.

அவர் குளிக்கப் போனதும் நேராகச் சாமி மேடைக்குப் போய்ப் பார்த்தேன். முருகன் படத்துக்குப் பின்னால், நான் தினமும் விளக்கேற்றும் இடத்தில், மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு இருந்தது. புதுத் துணி. இத்தனை நாள் என் கண்ணில் படாமல் எப்படி இருந்தது என்று எனக்கு என்மீதே கோபம் வந்தது. கையை நீட்டினேன், பிறகு இழுத்துக்கொண்டேன். சாமிக்கு முடிந்த காசைத் தொட எனக்குத் தைரியம் இல்லை.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. செலவை நினைத்து மட்டும் இல்லை. கோயில் பக்கமே தலை வைத்துப் படுக்காத ஆம்பளை திடீரென்று பழனிக்கு வேண்டிக்கொள்கிறார் என்றால் ஏதோ பெரிய தலைவலி இருக்கவேண்டும். முதலில் வியாதி என்று நினைத்தேன். சட்டைப் பை, பர்ஸ், லோரியில் கொண்டுபோகும் பை எல்லாவற்றையும் துழாவினேன். கிளினிக் சீட்டு எதுவும் இல்லை. பிறகு ஆலோங் நினைவு வந்தது. வட்டிக்காரனிடம் மாட்டியிருந்தால் வீட்டுக் கேட்டில் இந்நேரம் சிவப்புப் பெயிண்ட் ஊற்றியிருப்பார்கள். கேட் சுத்தமாக இருந்தது. கடைசியில், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, வேறு பொம்பளையா என்றும் யோசித்தேன். தன் சட்டை அளவே தெரியாத மனிதர் எவளுக்கு என்ன வாங்கிக் கொடுத்திருக்கப் போகிறார் என்று எனக்கே சிரிப்பு வந்தது. இருந்தாலும் துவைக்கப் போட்ட சட்டையை மோந்து பார்த்தேன். டீசல் வாடை மட்டும்தான்.

பந்திங்கில் இருக்கும் நாத்தனாருக்கு ஃபோன் போட்டேன். அவருடைய ஒரே தங்கை. அண்ணன் எதைச் செய்தாலும் இவளிடம் சொல்லாமல் இருக்கமாட்டார். சும்மா நலம் விசாரிப்பதுபோல் ஆரம்பித்து, பழனி என்று ஒரு வார்த்தை விட்டேன். அவள் குரல் உடனே தணிந்துவிட்டது.

"அண்ணி, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. உங்களுக்காகத்தான் வேண்டிக்கிட்டாராம். வேன் கியர் கழண்டு, அன்னைக்கு லோரியில மோதப் போயி தப்பிச்சீங்கல்ல, அதுக்கு. அண்ணன் அழாத குறையா சொன்னாரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அடுப்பில் குழம்பு தீய்வதுகூடத் தெரியாமல் நின்றேன். இப்படி ஒரு மனிதரைப் போய்ச் சந்தேகப்பட்டுச் சட்டையை மோந்து பார்த்தோமே என்று இருந்தது. பிறகு அடுப்பை அணைக்கும்போதுதான் யோசித்தேன். எந்த லோரி? என் வேன் எந்த லோரிமீதும் மோதப் போகவில்லை. கியர் கழன்றது சிக்னலுக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தபோது. பின்னால் இருந்தது ஒரு ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மகன் வந்தான். கோழி வேகும் நேரத்தில் அவனிடமும் தூண்டில் போட்டுப் பார்த்தேன். அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "மா, அப்பாகிட்ட கேக்காதே. எனக்கு நல்ல எடத்துல பொண்ணு அமையணும்னு வேண்டியிருக்காராம். நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றான். சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் வெட்கம்கூட இருந்தது.

ஆக, முடிச்சு ஒன்று, வேண்டுதல் இரண்டு. தங்கை கேட்டால் எனக்காக, மகன் கேட்டால் அவனுக்காக. யார் எதைக் கேட்டால் உருகுவார்களோ அதை அவரவர் காதில் போட்டிருக்கிறார். எனக்குக் கலங்கிய கண் காய்ந்தே போய்விட்டது. காதில் பூ சுற்றுகிறார், அதுவும் சாமி பெயரைச் சொல்லிச் சுற்றுகிறார். கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் கோயில் பயணம் ஏற்பாடு செய்யும் ஓர் ஏஜென்சி இருக்கிறது. எதிர் வீட்டு அக்காவும் அவர்கள் மூலமாகத்தான் போனார். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மத்தியானப் பிள்ளைகளுக்கான வேலையைத் தோழி ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, கமுட்டர் ஏறிப் போனேன். ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே, செங்குத்தான படி. மேசைக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். பழனி போகவேண்டும் என்றேன். அவள் படபடவென்று சொல்ல ஆரம்பித்தாள்: எந்த நாள் எந்தக் கோயில், எந்த ஹோட்டல், எங்கே சைவச் சாப்பாடு. கேட்டுக்கொண்டே வந்தால் கோயிலுக்கு அரை நாள், கடைத்தெருவுக்கு இரண்டு நாள்.

"இது சாமி கும்பிடப் போறதா, சாமான் வாங்கப் போறதா?" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "ஆன்டி, வேண்டுதல்னு வருவாங்க. போனதும் எல்லாரும் மொதல்ல கேக்கிறது கடைதான். நாங்க என்ன செய்ய?"

நான் கைப்பேசியை எடுத்து என் கணவரின் படத்தைக் காட்டினேன். இவர் வந்தாரா என்று கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. "ஓ, இந்த அங்கிளா? வந்திருக்காரே. கடை எதுவும் வேணாம்னுட்டாரு. சென்னையில ஃப்ரீ டைம் இருக்கா, ஹார்பர் பக்கம் போகலாமான்னுதான் கேட்டாரு. டூரிஸ்ட் யாரும் அங்க போகமாட்டாங்க அங்கிள்னு சொன்னேன். கண்டெய்னர் லோரியெல்லாம் எந்த கேட் வழியா வெளிய வரும்னு கேட்டாரு. எனக்கு எப்படித் தெரியும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

படி இறங்கி வந்து சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றுவிட்டேன். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் ஓட்டுகிற ஒருவர், சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் எந்தக் கேட்டில் வெளியே வரும் என்று விசாரிக்கிறார். பேப்பரில் மாதத்துக்கொரு முறை வருகிறதே, பெட்டிக்குள் அது பிடிபட்டது, இது பிடிபட்டது என்று. லோரிக்காரர்களைத்தான் முதலில் பிடிப்பார்கள். யாரோ இவருக்கு ஆசை காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் வேண்டுதல், அதனால்தான் ஆளுக்கொரு கதை. கமுட்டரில் திரும்பி வரும்போது எனக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. வேன் போனால் வேறு வேன் வாங்கலாம். இந்த மனிதரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்பதுதான் கிள்ளான் வரும்வரை தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் சாயங்காலம் வேனை எடுத்துக்கொண்டு நேராகப் போர்ட் கிள்ளானில் அவர் லோரி நிறுத்தும் யார்டுக்குப் போனேன். வேலை முடிந்து ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்ததும் திகைத்தார்.

"என்ன? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. ஏறுங்க."

"என் மோட்டார் சைக்கிள் இங்க நிக்கிது."

"நிக்கட்டும். ஏறுங்க."

ஏறினார். சாலையில் முன்னாலும் பின்னாலும் கண்டெய்னர் லோரிகள். எங்கள் வேன் நடுவில். இரண்டாவது கியரில் உருண்டுகொண்டிருந்தோம். நான் முன்னால் பார்த்தபடியே ஆரம்பித்தேன். தங்கையிடம் சொன்னதைச் சொன்னேன், மகனிடம் சொன்னதைச் சொன்னேன். பிரிக்ஃபீல்ட்ஸ் பெண் சொன்னதையும் சொன்னேன். "இப்ப என்கிட்ட பூசி மெழுகாம சொல்லுங்க. எந்தக் கண்டெய்னர்? உள்ள என்ன இருக்கு? யாரு உங்கள இழுத்து விட்டது?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தார்.

"ஐயோ சாமி. கடத்தறேன்னு நெனச்சியா?"

"வேற என்ன நெனைக்க? ஹார்பர்ல உங்களுக்கு என்ன வேல?"

அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். கொஞ்ச தூரம் போனபின், வெளியே பார்த்தபடி பேசினார்.

"இத்தன வருஷமா பொட்டியக் கொண்டு போயி வைக்கிறேன். கிரேன் தூக்கும். பேப்பர்ல சென்னைன்னு போட்டிருக்கும். அதோட முடிஞ்சிச்சு. அந்தப் பக்கம் ஒருத்தன் இருப்பான்ல, அதே பொட்டிய ஏத்திக்கிட்டுப் போறவன். நான் இங்க வச்சத அவன் அங்க எடுப்பான். அவனப் பாக்கணும்."

"பாத்து?"

"ஒண்ணும் இல்ல. பாக்கணும். அவ்வளவுதான்."

"உள்ள விடமாட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்லா. வெளிய, ரோட்டோரமா நின்னு பாத்தா போதும். ஒரு டீ குடிச்சிட்டு வந்துருவேன்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். பொய் சொல்லும்போது இந்த மனிதருக்கு மூக்கு நுனி சிவக்கும், சிவக்கவில்லை. என் உடம்பிலிருந்த பயம் இறங்கி, அந்த இடத்தில் கோபம் ஏறியது. இதற்காகவா நான் நேற்றெல்லாம் உங்களை ஜெயில் கம்பிக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன்? பழனி எதற்கு, முருகன் எதற்கு, ஊரெல்லாம் கதை எதற்கு என்று பொரிந்து தள்ளினேன். ரோட்டோரம் நின்று லோரி பார்க்க ப்ளேன் ஏறிப் போகிறேன் என்று நேராகச் சொல்லவேண்டியதுதானே?

"சொன்னா நீ என்ன கேப்ப?"

பதிலையும் அவரே சொன்னார். "அது இல்லாம இருக்க முடியாதான்னு கேப்ப. முடியும். இத்தன வருஷம் இருந்தேன்ல. பதில் என்கிட்ட இல்ல. அதான்."

பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது. முன்னே நகர்ந்தேன். மூன்றாவது கியருக்குத் தள்ளினேன், வேன் ஊளையிட்டது. திரும்பவும் இரண்டுக்கு வந்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவர் உடனே, "சரி விடு. வேன பாரு மொதல்ல. நான் பழனிக்கும் போகல, எங்கயும் போகல" என்றார்.

இதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. மகனாக இருந்தால் கைப்பேசிக்கு ஒரு மாதம் சண்டை போடுவான். எதிர் வீட்டு அக்கா பட்டுப் புடவைக்காகக் கடல் தாண்டுவார். இவர் ஒரு கியர் ஊளையிட்டதும் கையைக் கட்டிக்கொள்கிறார். நான் வாசலில் காவல் நின்றது உண்மை. ஆனால் உள்ளே ஒருவர் தட்டிப் பார்க்காமலேயே திரும்பிப் போய்க்கொண்டிருந்தால் நான் எப்படிக் கண்டுபிடிப்பது? என் கேள்வியில் தப்பு இருப்பதாக நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. அந்தக் கேள்வி இல்லையென்றால் வீடு இல்லை.

திடீரென்று மஞ்சள் முடிச்சு ஞாபகம் வந்து எனக்குப் பகீரென்றது. "போகலன்னா? காசு முடிஞ்சு வச்சிருக்கீங்களே. பொய் வேண்டுதலுக்கு முருகன் முன்னாடி காசு முடிஞ்சீங்களா? அத எப்படித் தீக்கிறது?"

"முடிஞ்சது பொய் இல்ல."

"பின்ன? என் வேனுக்கா, உங்க மகன் கல்யாணத்துக்கா?"

"ரெண்டும் இல்ல."

"எதுக்குன்னு சொல்லுங்க."

"சொல்லக்கூடாது."

"ஊருக்கே ஒரு கதை சொன்னீங்க. எனக்குச் சொல்லக்கூடாதா?"

அவர் கழுத்தைச் சொறிந்தார். பிறகு பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி, மெதுவாகச் சொன்னார். "நான் ஹார்பர் பாக்கப் போறதுக்கு நீ சரின்னு சொல்லணும்னு வேண்டிக்கிட்டேன். நீ சரின்னு சொல்லிட்டா பழனிக்கு வந்து மொட்ட போடறேன்னு."

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் படுத்திருக்கும் என்னிடம் கேட்கப் பயந்து, கடல் தாண்டி இருக்கும் சாமியிடம் இந்த மனிதர் சிபாரிசுக்குப் போயிருக்கிறார். அதற்குத் தலைமுடியையும் லஞ்சமாகக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கார் பார்க்கில் நிற்கிற ஆள், தன் பெண்டாட்டி மனம் இளக வேண்டும் என்று நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துச் சாமி மேடைமுன் தனியாக நின்று துணியில் காசு முடிந்திருக்கிறார். சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை.

போமன் சொன்ன பழைய கியர்பாக்ஸ் ஞாபகத்துக்கு வந்தது. என் ஓட்டத்துக்கு அது போதும் என்று அந்த ஆள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். புதுசு மாதிரி செய்ததுதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது ஓடுவதற்காக மட்டுமா? சத்தமில்லாமல் போகவேண்டும், மற்ற வேன்காரிகள் பார்க்கவேண்டும் என்பதும் அதில் இருந்தது. அதை நான் தேவை என்று பெயர் வைத்துத்தான் கூட்டி வந்திருந்தேன். இரண்டு விலைக்கும் நடுவில் இருக்கும் பணம் ஒருவர் போய்வரப் போதும்.

"போய்ட்டு வாங்க" என்றேன்.

அவர் திரும்பினார். "என்ன?"

"பழனிக்குப் போங்க. ஹார்பருக்கும் போங்க. எவனப் பாக்கணுமோ பாத்துட்டு வாங்க. வேனுக்குப் பழசு போட்டுக்கலாம்."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்த கொஞ்ச இரத்தமும் வடிந்துபோயிற்று. ஹெல்மெட்டைக் காலடியில் வைத்துவிட்டு என் பக்கமாக முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். என் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"நேத்து நீ எங்க போன?"

"சொன்னேனே, பிரிக்ஃபீல்ட்ஸுக்கு."

"வேற எங்கயும் போகலியே? ஆஸ்பத்திரிக்கு?"

"எதுக்கு ஆஸ்பத்திரி?"

"ஒடம்புக்கு ஏதாச்சும் சொன்னாங்களா? என்கிட்ட மறைக்காத. டாக்டர் என்ன சொன்னாரு?"

எனக்கு ஒன்றும் இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் அவர் நம்பவில்லை. "இப்படி ஒடனே சரின்னு சொல்ற ஆளா நீ?" என்றார். வீடு வரும்வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். கியர் மாற்ற வேண்டிய இடத்தில் மட்டும் விட்டுவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டார்.